யாழுக்கு உங்கள் வளவைத் திறந்துவிடுங்கள்

செட்டிநாட்டு நகரத்தார் சங்கங்களுக்கும், நடு முற்றமான வளவோடு பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கும்,

வணக்கம். நான் காரைக்குடிப் பக்கம், பழந்தமிழ் நரம்புக் கருவியான யாழைச் செய்து வாசிப்பவன். கிட்டார், கஞ்சிரா வாசிக்கும் நண்பர்களோடு சேர்ந்து புதுப் பாட்டுகளும் போடுகிறோம்.

அண்மையில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மண்டப வாசலில், ரோஸ் மில்க் மேசைக்குப் பக்கத்தில் யாழை நிறுத்தச் சொன்னார்கள். வந்தவர்களெல்லாம் செல்ஃபி எடுத்தார்கள். ஓர் ஆச்சி மட்டும், "இது வாசிக்கிறதுக்கா தம்பி, சும்மா அலங்காரத்துக்கா?" என்று கேட்டார். வாசித்துக் காட்டலாமென்றால் அதற்குள் டிஜே தொடங்கிவிட்டது.

யாழ் உங்களுக்கு அந்நியமில்லை. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள்தான் 'யாழ் நூல்' எழுதினார். 1947இல், நகரத்தார் ஆதரவோடு, திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. நூலை வாழவைத்தாயிற்று, கருவி பாக்கி.

யாழ் ஏன் வழக்கொழிந்தது? காரணம் பல சொல்வார்கள். வாசிக்கிறவனுக்குத் தெரிவது ஒன்று. வீணையில் தந்தியை அழுத்திப் பிடிக்க மெட்டுக் கட்டைகள் உண்டு, ஒரே தந்தியில் பல சுரம் பிடிக்கலாம், சுரத்தை அசைத்துக் கமகம் கொஞ்சலாம். யாழில் நரம்புக்கு ஒரு சுரம்தான். செங்கோட்டு யாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21. ராகம் மாற்ற வேண்டுமென்றால் உட்கார்ந்து நரம்பு நரம்பாகத் திருத்த வேண்டும். அதற்குள் ரசிகர் காபி குடிக்கப் போய்விடுவார். ஆனால் இன்றைய பாட்டு பெரும்பாலும் ஒரே சுர வரிசையில் நிற்கிறது. மோகன ராகத்தில் சேர்த்துவிட்டால் பாட்டு முடியும்வரை கவலையில்லை. மீட்டிய நரம்பு அடங்குமுன் அடுத்தது சேர்ந்துகொள்ள, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒலிக்கும். அன்றைய குறை எங்களுக்கு இன்று வசதி. சென்னையில் தருண் சேகர் யாழ் செய்து, அதை வைத்தே புதுப் பாட்டும் வெளியிட்டிருக்கிறார்.

சிக்கல் ஒலியில். யாழின் அடிக்குடமான பத்தலை இரு பக்கம் சரித்து நடு உயர்த்திக் குடைந்து, மேலே தோல் போர்த்துவோம். பொருநராற்றுப்படை அதை மண்ணில் பதிந்த குளம்புத் தடத்துக்கு ஒப்பிடும். அந்தத் தோலிலிருந்து வருவது மெல்லிய ஒலி. ஐப்பசி மழையில் தோல் தொய்ந்து சுருதியும் இறங்கும். ஏசி மண்டபத்து ஸ்பீக்கரில் கேட்டால் கீபோர்டு என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் உங்கள் வளவில், நடுவே வானம் திறந்து, சுற்றிலும் தூணும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவருமாக இருக்குமிடத்தில், மைக்கே வேண்டாம். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலே காய் நறுக்குகிறவருக்கும் கேட்கும்.

கேட்பது இதுதான். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், வளவில் ஒரு மணி நேரம். (நாயனக்காரர் சம்பளத்தில் கைவைத்து எங்களுக்குத் தர வேண்டாம், அவர்களே ஏற்கெனவே செண்டை மேளத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.) வீட்டில் விசேஷம் இல்லையென்றால், வருஷத்துக்கு ஒரு நாள் பங்காளிகள் கூடிச் சாவியைக் கொடுங்கள். பெருக்கித் துடைத்து, பாயும் நாங்களே விரித்துக்கொள்கிறோம்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போதே தேதி சொன்னால் நல்லது. நரம்புகளைச் சுருதி சேர்க்க வேண்டும்; சமையல்காரர் வரும்போதே நாங்களும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு யாழ்க்காரன்