ஸ்காபரோவிலிருந்து வந்த விடுதி: பிளாக் கிறீக் கிராமப் பூங்காவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ரொறொன்ரோ மற்றும் பிராந்தியப் பாதுகாப்பு ஆணையத்தாருக்கு,

வணக்கம். போன கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை, ஜேன், ஸ்ரீல்ஸ் சந்திப்புப் பக்கமுள்ள பழங்காலக் கட்டடங்கள் நிற்கும் உங்கள் பூங்காவுக்குக் கூட்டி வந்தேன். அங்கே குடியேறிய டானியல் ஸ்ரோங் 1816இல் கட்டிய மரக்குற்றி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், "இந்தச் சின்ன வீட்டிலயோ குளிருக்க கிடந்தவை?" என்று கேட்டார். பதினாறு வருடம் இருந்தார்கள், 1832இல்தான் அந்தப் பெரிய வீட்டைக் கட்டினார்கள் என்றேன். "அப்பவும் பழசை இடிக்கேல்லையே!" அவருக்கு ஆச்சரியம் அதுதான். எங்கள் பக்கத்தில் புது வீடு எழும்பினால் பழையது குசினியாகும், இல்லாவிட்டால் காணாமல் போகும்.

ஸ்ரோங் குடும்பத்தின் வீடுகள் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. சுற்றியுள்ள பலவும் வந்தேறிகள். 1842ஆம் ஆண்டின் ரொப்ளின் மாவாலை ஒன்ராறியோவின் அமீலியாஸ்பேர்க் என்ற ஊரிலிருந்து வந்தது. (அதன் அரைகல்லை அம்மா "எங்கட திரிகையின்ர அண்ணன்" என்றார்.) பாதிவழி விடுதியோ எங்கள் ஸ்காபரோவிலிருந்தே வந்தது. கிங்ஸ்ரன் வீதியும் மிட்லண்டும் சந்திக்கும் இடத்தில், ரொறொன்ரோவின் சென் லோறன்ஸ் சந்தைக்கும் கிழக்கே டன்பார்ட்டன் ஊருக்கும் நடுவே குதிரை வண்டிகள் நின்று போன விடுதி. 1960களில் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். அந்தச் சந்தியை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், இதைத் தெரியாமலேயே.

நான் கேட்பது இதுதான். கோடையில் மாதம் ஒரு முறையாவது பூங்காவைத் தமிழில் சுற்றிக்காட்டும் ஒரு நடை வையுங்கள். துண்டுப்பிரசுரத்தை மொழிபெயர்த்தால் போதாது, அதை வாசிப்பவர்கள் குறைவு. ஸ்காபரோவின் முதியோர் மன்றங்களில் உழுதவர்கள், சூடு மிதித்தவர்கள், நெற்குத்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று நான்கு பேரைப் பழக்கினால், களஞ்சியத்தின் முன்னால் நின்று உங்கள் வழிகாட்டிகளை விட அதிகம் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகவே சொல்வார்கள், நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை ஸ்ரோங்கின் வாசலில் தொடங்க வேண்டாம். அதற்கும் முன்னூறு வருடத்துக்கு மேல் முன்னதாக, இதே ஓடைக்கரையில் சற்றுத் தெற்கே வெண்டாட் என்ற பூர்வகுடி மக்களின் நெடுவீட்டுக் கிராமம் இருந்தது. முதலில் அவர்கள், பிறகு ஸ்ரோங், கடைசியில் பெயர்ந்து வந்த கட்டடங்கள் என்று போகட்டும். பூங்காவின் பெயரிலிருந்து 'முன்னோடி' (Pioneer) என்ற சொல்லை எடுத்துவிட்டீர்கள், சரி. பக்கத்துச் சுரங்க ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. அம்மா கேட்டால் நான் என்ன சொல்ல?

நடையை அந்த விடுதியின் விறாந்தையில் முடியுங்கள். முதல் நடைக்கு ஸ்காபரோவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. அம்மா வரும் ஆடியில் மறுபடி வருகிறார், அதற்குள் பதில் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு வாசகி