எரேமியா சொன்ன ஆமென்

பாளையங்கோட்டை

அன்புள்ள ஞானராஜ்,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. முதலில் தனியாகப் படித்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அந்தப் பிரசங்கியார் சொன்ன வார்த்தையை எஸ்தர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள் என்ற இடம் வந்ததும் இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

இங்கே உள்ள செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. எபிரேய எழுத்துக்குக் கீழே வருகிற புள்ளிகள் இத்தனை நாளும் ஏதோ தூசி மாதிரித் தெரிந்தன. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. பெரியவன் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். பின்வாசல் முருங்கை காற்றில் முறிந்து விழுந்தது. மற்றபடி சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "மரணமில்லை, ஒரு வருஷத்துக்குள் பூரண சுகம் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று உன் வீட்டு நடுக்கூடத்தில் நின்று ஒருவர் சொன்னார். பத்தாம் மாதம் எஸ்தர் போய்விட்டாள். "அவர் பொய் சொன்னாரா? பொய் என்றால் எனக்கு ஏன் அன்றைக்கே தெரியவில்லை?" என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டாவது கேள்விதான் உன்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் எபிரேயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். ஒரு வாரமாகப் பழைய ஏற்பாட்டில் எரேமியா 28ஆம் அதிகாரத்தை விட்டு நான் நகரவில்லை.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நாம் தீர்க்கதரிசி என்கிறோம்; நெடுந்தூரம் பார்ப்பவர் என்று பொருள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இறைவாக்கினர் என்று போட்டிருக்கிறார்கள். எபிரேயத்தில் அது 'நாவி'. நம் முஸ்லிம் நண்பர்கள் நபி என்று சொல்கிறார்களே, அதே வேர். அழைக்கப்பட்டவர் என்றோ அழைத்துச் சொல்பவர் என்றோ அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். பார்ப்பவர் என்பதற்கு வேறு சொல் இருந்தது. சாமுவேல் முதல் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில், காணாமல் போன கழுதைகளைத் தேடி அலையும் சவுலிடம் அவன் வேலைக்காரன் கால்சேக்கல் வெள்ளியை எடுத்துக் காட்டி, அந்தப் பெரியவரிடம் கொடுத்து வழி கேட்போம் என்கிறான். இப்போது நாவி என்று சொல்லப்படுகிறவன் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் எனப்பட்டான் என்று எழுதியவரே நிறுத்தி விளக்குகிறார். வார்த்தையும் வேலையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நாமோ ஆமோஸையும் எரேமியாவையும் இன்னும் கழுதை தேடிப் போகிற மனநிலையில்தான் வாசிக்கிறோம்.

சரி, எரேமியா 28. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இளம் ராஜாவையும் கைவினைஞர்களையும் ஆலயப் பாத்திரங்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். சிதேக்கியாவைச் சிங்காசனத்தில் வைத்தான். அடுத்த மூன்று நான்கு வருஷம் ஊர் முழுக்க ஒரே பேச்சு, இது எப்போது தீரும் என்பதுதான். அந்தப் பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு களிமண் பலகை இருக்கிறது. 1956இல் அதன் வாசகம் வெளிவந்தது. நேபுகாத்நேச்சாரின் பத்தாம் வருஷத்தில், அதாவது 595ஆம் ஆண்டு முடிந்து 594 தொடங்குகிற குளிர்காலத்தில், பாபிலோனிலேயே ஒரு கலகம் நடந்ததை அது குறிக்கிறது. ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் தூதர்கள் எருசலேமில் கூடியதை எரேமியா 27 சொல்கிறது. பாபிலோன் ஆட்டம் காண்கிறது, இதுதான் சமயம் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் எரேமியா ஒரு மரநுகத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டவர்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

கிபியோன் என்ற ஊரிலிருந்து அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, எரேமியா வழக்கமாகத் தொடங்குகிற அதே தொடரோடு தொடங்குகிறார்: இஸ்ரவேலின் தேவனாகிய சேனைகளின் கர்த்தர் சொல்லுகிறார். பாபிலோன் ராஜாவின் நுகத்தை முறித்துவிட்டேன், இரண்டு வருஷத்துக்குள் பாத்திரங்களும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வருவார்கள் என்கிறார். ஒரு ராஜாவின் தூதன் அவர் வாக்கைக் கொண்டுவந்து சொல்லும் முறை இது என்று கிளாஸ் வெஸ்டர்மன் போன்ற அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே முறையில் பேசுகிறார்கள். எபிரேய மூலம் இரண்டு பேரையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறது, எரேமியா நாவி, அனனியா நாவி. பின்னால் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. முதல் வசனத்திலேயே அனனியாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று எழுதிவிட்டார்கள். அனனியா சொன்னது நடக்கவில்லை என்ற கதையின் முடிவு தெரிந்தவர்கள் எழுதியது அது. அன்று ஆலயத்தில் நின்றவர்களுக்கு அந்த வசதி இல்லை, ஞானராஜ். உன் நடுக்கூடத்தில் நின்ற உனக்கும் இல்லை.

இன்னொன்று. அனனியா எங்கிருந்தோ இட்டுக்கட்டிப் பேசவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால், அசீரியர் காலத்தில், ஏசாயா இதைத்தான் சொன்னார்: நுகம் முறியும், சீயோன், அதாவது எருசலேம், விழாது. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் வந்து முற்றுகையிட்டும் எருசலேம் விழவில்லை. அவனே தன் களிமண் பொறிப்பில், யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல அடைத்தேன் என்று பெருமை பேசுகிறானே தவிர, ஊரைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. அந்த நினைவில் வளர்ந்த மனிதர் அனனியா. அவர் நம்பியது வேதத்தில் இருக்கிற ஒரு நல்ல வாக்கை. யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் இந்த இடத்தைத் தொட்டு எழுதியிருக்கிறார். ஏசாயாவின் வேளையில் உண்மையாயிருந்தது வேறொரு வேளையில் வெறும் மறுபடி சொல்லலாகிப் போனது என்பது அவர் பார்வை. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. 'தழும்புகளால் குணமாகிறோம்' என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தவரும் இப்படிப்பட்டவராக இருக்கலாம்.

எரேமியா என்ன பதில் சொன்னார் என்று பார். முதல் வார்த்தை "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்வாராக, உன் வாக்கை நிறைவேற்றுவாராக என்கிறார். சிலர் இதைக் கிண்டல் என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. தன் ஜனத்துக்காக ராத்திரி பகலாக அழுத மனிதர், அந்த வாக்கு மெய்யாக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான், நமக்கு முன்னிருந்தவர்கள் யுத்தத்தைப் பற்றியே சொன்னார்கள், சமாதானம் சொல்கிறவனை அது நடக்கும்போது அறிந்துகொள்ளலாம் என்கிறார். அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். எரேமியாவிடம் மறுமொழி இல்லை. எரேமியா தீர்க்கதரிசி தன் வழியே போனார் என்று இருக்கிறது. எபிரேயத்தில் நாலே சொல். மரநுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் அவருக்கு வருகிறது. 42ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் வந்து கேட்கும்போது, பத்து நாள் கழித்தே அவருக்கு வாக்கு வந்தது என்று எழுதியிருக்கிறது. நீ அன்றைக்கே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உன்னை நீயே வதைத்துக்கொள்கிறாய். எரேமியாவே வாய் பேசாமல் வீட்டுக்குப் போன நாள் அது.

இந்தத் தவிப்பு இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதில்லை. சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் மாரி என்று ஒரு பழைய நகரம். 1933இல் யாரோ கல்லறைக்குக் கல் தேடித் தோண்டியபோது ஒரு சிலை கிடைத்து, அதிலிருந்து அகழாய்வு தொடங்கியது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் சிம்ரிலிம் என்ற ராஜாவுக்கு அதிகாரிகளும் ராணியும் எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. இன்ன கோயிலில் ஒரு ஆண் வெறிகொண்டு எழுந்தான், ஒரு பெண் கனவு கண்டாள், தெய்வம் ராஜாவுக்கு இப்படிச் சொல்லுகிறது என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டு, சொன்னவரின் தலைமயிரில் கொஞ்சத்தையும் ஆடை ஓரத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ராஜா அதை வைத்து ஆட்டின் ஈரல் பார்த்துச் சோதித்துக்கொள்வாராம். இதைப் படித்த அன்று எனக்கு என்னமோ மனசு கனத்துப் போயிற்று. மூவாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே உன் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள், கையில் ஒரு கற்றை முடியை வைத்துக்கொண்டு.

உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் சோதனை இருக்கிறதே, சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்று நீ கேட்பாய். இருக்கிறது. ஆனால் அது பின்னால் திரும்பிப் பார்க்கிறவனுக்குத்தான் உதவும். அதுவும் எப்போதும் நேராக உதவுவதில்லை. சீயோன் வயலாக உழப்படும் என்று மீகா தீர்க்கதரிசி சொன்னார். அவர் காலத்தில் நடக்கவில்லை. எரேமியாவைக் கொல்லப் பார்த்தபோது மூப்பர்கள் எழுந்து, எசேக்கியா பயந்து கர்த்தரை நோக்கிக் கெஞ்சினான், அதனால் தீங்கு விலகியது என்று அந்த மீகாவைத்தான் சாட்சியாகக் காட்டினார்கள். மீகாவைப் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை. நடந்துவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை. வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்வது மட்டும்தான் அவர்கள் வேலை என்று எடுத்துக்கொண்டால் மீகாவை நாம் எங்கே வைப்பது?

எசேக்கியேலையும் பார். நேபுகாத்நேச்சார் தீரு பட்டணத்தைத் தரைமட்டமாக்கிக் கொள்ளையிடுவான் என்று 26ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். வருஷக்கணக்காக முற்றுகை நடந்தும் அப்படி நடக்கவில்லை. கி.மு. 571இல் எசேக்கியேல் மறுபடி வாய் திறக்கிறார். தலையெல்லாம் மொட்டையாகி, தோள் எல்லாம் உரிந்து உழைத்தும் தீருவிலிருந்து அவனுக்கும் அவன் சேனைக்கும் கூலி கிடைக்கவில்லை, அதனால் எகிப்தைக் கொடுக்கிறேன் என்கிறார். தேதி போட்டுச் சொல்கிறார். முதலில் சொன்னதை யாரும் அழிக்கவில்லை. அதுவும் இதுவும் ஒரே புத்தகத்தில் மூன்று அதிகாரம் தள்ளி இருக்கின்றன.

இங்கேதான் உன் வீட்டுக்கு வந்தவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவர் நம்பித்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். ஆமென் என்று நீயும் சொன்னாய், நானும் போனில் சொன்னேன். தப்பாகிப் போனபின் அவர் அடக்கத்துக்கு வரவில்லை. இன்று வரை ஒரு போன்கூடச் செய்யவில்லை. எஸ்தரின் விசுவாசம் போதவில்லை என்று வேறு ஆளிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. எசேக்கியேல் திரும்பி வந்து, கூலி கிடைக்கவில்லை என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். இவரும் உன் வாசலுக்கு வந்து நின்று, நான் சொன்னது நடக்கவில்லை ஐயா என்று சொல்லியிருக்க வேண்டும். எஸ்தர் மேல் அந்தப் பழியை ஏற்றிக்கொள்ளாதே. அவள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக அந்தத் துண்டுச் சீட்டு. அதைக் கிழித்துப் போடவா என்று கேட்டிருக்கிறாய். எரேமியாவின் புத்தகம் ஒரே வடிவில் நமக்கு வரவில்லை. கிரேக்கத்தில் இருப்பது எபிரேயத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது. அந்தச் சிறிய வடிவத்துக்கு ஒத்த எபிரேயப் பிரதியின் துண்டுகளும் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்திருக்கின்றன. எத்தனையோ கைகள் சேர்த்தும் குறைத்தும் எழுதிய புத்தகம். அதில் அனனியாவின் வாக்கு இரண்டு வடிவத்திலும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் என்று அவர் சொன்னதை எரேமியாவின் ஆட்களே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நீயும் வைத்துக்கொள். அதில் இருப்பது எஸ்தரின் கையெழுத்து.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் கண் டாக்டரிடம் ஒருதடவை காட்ட வேண்டும். அது முடிந்ததும் ராத்திரி ரயிலில் ஏறி உன்னிடம் வருகிறேன். நாலு நாள் இருப்பேன். கல்லறைக்கு ஒன்றாகப் போவோம். இவள் உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வெயிலில் வைத்திருக்கிறாள். சமையலுக்கு யாரும் வருகிறார்களா, இல்லை நீயே பொங்கித் தின்கிறாயா? உடனே எழுது.

அன்புடன்,
தாசன்