கடைமடைக் கிளையில் போய் உட்கார்ந்து பாருங்கள்

டெல்டா மாவட்டங்களில் கிளைகள் வைத்து நடத்தும் சங்கங்கள், நிதி நிறுவனங்கள், மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் தலைமை அலுவலகமும் வேதாரண்யம் வரை கிளைகளும் கொண்ட ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்தபோது அதற்கு ஈ.டி.பி. (எலெக்ட்ரானிக் டேட்டா பிராசஸிங்) பிரிவு என்று பெயர். பிறகு தகவல் தொழில்நுட்பத் துறை என்று பலகை மாறியது. கிளைகளில் மட்டும் 58 வயதிலும் நான் 'கம்ப்யூட்டர் தம்பி'தான். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு உங்கள் அலுவலகமே ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்ததும் பூத் தூவுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கடைமடைக்கு வந்துவிட்டதா? ஆறு நிறைய ஓடினாலும் வயலுக்குத் தண்ணீர் பிரியும் சி, டி சிறு வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தால் கடைசி வயல் காய்ந்துதான் கிடக்கும். வயல் விஷயத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியவர்கள் இல்லை நீங்கள். சர்வர் விஷயத்தில் மட்டும் ஏனோ கல்லணையோடு நின்றுவிடுகிறீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் புது சர்வர் வந்த அன்று குத்துவிளக்கு ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, தலைவர் தன் கையால் சுவிட்சைப் போட்டார். அந்தப் போட்டோ இன்னும் மாடிப்படிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதே மாதம் திருத்துறைப்பூண்டிக் கிளையில் யுபிஎஸ் பேட்டரி உப்பிப்போயிருந்தது. கரண்ட் போன மறுநொடி மூன்று கணினிகளும் அணைந்துவிடும். பாதி ஏற்றிய ரசீதை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். நான்கு பேட்டரி கேட்டு நான் எழுதிய கோப்பு ஐந்து மாதம் சுற்றியது. மூன்று கொட்டேஷன் வைத்தும், 'போன முறை எப்போது மாற்றப்பட்டது? விளக்கம் தேவை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பட்ஜெட்டில் 'கணினி வாங்குதல்' என்று ஒரு தலைப்பு இருந்தது. பேட்டரி, கேபிள், சேவை ஒப்பந்தம் எல்லாம் 'இதர செலவுகள்' என்பதற்குள் வந்தன. கூட்டத்துக்கு வாங்கும் டீயும் பிஸ்கட்டும் அங்கேதான் வரும். வாங்கியதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு தலைப்புப் போடுங்கள், அதில் கிளைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

அப்புறம் அந்த ஜூன் மாதம். எங்கள் வேலையில் பெரும்பகுதி நகைக்கடன். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைச் செலவுக்கு நகை வைக்க வருவார்கள். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் மீட்க வருவார்கள். இந்த இரண்டு சமயத்திலும் கவுண்டரில் நிற்க இடம் இருக்காது. நிறுவனத்தின் ஆண்டு விழா ஜூனில் வருகிறது என்பதற்காக, புது மென்பொருளை அந்த மாதமே எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் மாற்ற முடிவானது. பழையதும் புதியதும் ஒரு மாதம் சேர்ந்து ஓடட்டும், கணக்கு ஒத்துப் போகிறதா பார்ப்போம் என்றேன். 'நாள் குறிச்சாச்சு சார்' என்றார்கள். முதல் நாள் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. வட்டி ஒரு விதமாக ரசீதிலும் வேறு விதமாகத் திரையிலும் வந்தது. 'நோட்டுல எழுதுறப்பவே சீக்கிரம் முடிஞ்சுதே தம்பி' என்று ஒரு அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்த வாரத்தில் கூட்டம் குறையும் என்பது கிளைக் காசாளருக்கு மனப்பாடம். தேதி குறிக்கும் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அங்கிருந்த எங்கள் கிளை மூன்றாம் நாளே திறந்துவிட்டது. மேலாளர் தினமும் சாயங்காலம் நிலுவைப் பட்டியலை அச்செடுத்துப் பீரோவில் வைக்கும் பழக்கம் உள்ளவர். காகிதம் வீணாகிறது என்று தலைமை அலுவலகம் அவரிடம் விளக்கம் கேட்ட சமயமும் உண்டு. அந்தப் பட்டியலையும் ஒரு பேரேட்டையும் வைத்துக்கொண்டு, தார்ப்பாய் வாங்கவும் விழுந்த தென்னையை அப்புறப்படுத்தவும் பணம் கேட்டு வந்தவர்களுக்குக் கடன் கொடுத்தார். அது என் யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவருடையது. எல்லாக் கிளைக்கும் அதை விதியாக்கலாம் என்று எழுதினேன், பதில் வரவில்லை.

உலகத்திலேயே பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்க் இதே மாதிரி பிழைத்தது தெரியுமா? 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் அதன் கணினிகளை உலகம் முழுக்க அழித்தது. யார் எந்தக் கணினிக்குள் வரலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்கள் பல நாடுகளில் இருந்தன, ஒன்றுக்கு ஒன்று நகலாக. எல்லாமே போயின. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது, காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்கு அந்தப் பதிவேட்டை அனுப்ப அங்கிருந்த இணைய வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் இங்கிலாந்து விசாவும் இல்லை. ஒருவர் நைஜீரியா வரை விமானத்தில் போய், பதிவேடு இருந்த வட்டைக் கைமாற்ற, அங்கிருந்து வேறொருவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி கட்டினார்கள். தலைமையகத்தைக் காப்பாற்றியது ஒரு கடைமடைக் கிளை. (கரண்ட் கட்டை நம்பலாம் என்றால் நாம்தான் உலகத்திலேயே பாதுகாப்பானவர்கள்.) கணக்குகளின் நகல் இருக்கும் எங்கள் பேக்கப் வட்டு சர்வருக்கு அடுத்த பீரோவில்தான் இருந்தது. வெள்ளமோ தீயோ வந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

நம் கணினியைத் தாக்க யார் வரப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை கடைசியில் நம் நாட்டில் ஒரு மென்பொருள் நிறுவனம் தாக்கப்பட்டதால், அதை நம்பியிருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது. அவற்றில் பல கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும்தான். இப்படி ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லிருந்து விதி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் செய்யப்போவது யார் என்று உங்கள் அலுவலகத்தில் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? எங்களிடம் சர்வர் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நல்ல சம்பளம் கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். இன்னொருவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பது ஒரு நாள். அடுத்த குறுவைக்கு முன்னால், உங்கள் கணினிப் பிரிவுத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆகக் கடைசிக் கிளைக்குப் போங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், மாலை மரியாதை தொடங்கிவிடும். காலையிலிருந்து மதியம் வரை கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். நடுவில் மெயினை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். போன மாதத்துக் கணக்கு ஒன்றைப் பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தைக் குறித்து வைத்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர் தம்பி,
கும்பகோணம்