சமையலறை, குளியலறை புதுப்பித்த வேலையில் உள்ள குறைகள் பற்றிய புகார்

அனுப்புநர்:
அடுக்குமாடி வீட்டின் உரிமையாளர்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஒப்பந்தத்தில் எழுதிய பலகைக்குப் பதில் வேறு பலகை போட்டது, குளியலறைத் தரையில் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) இல்லாதது.

ஐயா,

வணக்கம். கடந்த ஜனவரியில் எங்கள் வீட்டுச் சமையலறையையும் குளியலறையையும் உங்கள் நிறுவனம் புதுப்பித்துக் கொடுத்தது. சமையலறைக்கு 4,20,000 ரூபாய், குளியலறைக்கு 2,65,000 ரூபாய், இரண்டையும் முழுதாகக் கட்டிவிட்டோம். 45 நாளில் முடியும் என்ற வேலை 97 நாள் இழுத்தது. அது போகட்டும். வேலை முடிந்து ஆறு மாதமாக என் அம்மா அந்த இரண்டு அறைகளிலும் படும் பாட்டைத்தான் எழுதுகிறேன். அவருக்கு 71 வயது. சமையல் முழுவதும் இன்னும் அவர் கையில்தான்.

முதலில் சிங்க் அடிப்பெட்டி. உங்கள் விலைப்பட்டியலில் 'பிடபிள்யூபி பிளைவுட், ஐஎஸ் 710' என்று எழுதி, அதற்கான விலையையும் போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு இதுதான் சரியான பலகை என்று உங்கள் டிசைனரே விளக்கினார். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரத்தின்படி, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. எங்கள் பெட்டியோ சிங்குக்குக் கீழே இருந்த வால்வில் சொட்டிய தண்ணீருக்கே அப்பளம் போல உப்பிவிட்டது. பக்கத்துத் தெரு ஆசாரியை அழைத்து, அடிப்பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை உரித்துப் பார்த்தோம். உள்ளே பிளைவுட்டின் அடுக்கே இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, விரலால் சுரண்டினால் உதிர்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன். இதற்கு முன்பு அதே இடத்தில் இருந்தது கடப்பா கல் தட்டு. 28 வருடம் தண்ணீர் பட்டும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதை உடைத்து எடுக்கச் சொன்னது நாங்கள்தான் என்பதால் மனசு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

அடுத்தது மேடை. கருப்பு கிரானைட் பழைய பாணி, இப்போது எல்லோரும் வெள்ளை குவார்ட்ஸ்தான் போடுகிறார்கள், கறையே பிடிக்காது என்று சொல்லி விற்றீர்கள். சூடான பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. குவார்ட்ஸ் என்பது கல்தூளைப் பிசினால் பிணைத்துச் செய்வது. சுமார் 150 டிகிரி சூட்டிலேயே அந்தப் பிசின் நிறம் மாறத் தொடங்கும். தாளித்து இறக்கிய இரும்புக் கரண்டியின் சூடு அதற்கு மேல் போகும். அம்மா வாழ்நாள் முழுக்கச் செய்தபடி அதை இறக்கி மேடையில் வைத்தார். இப்போது அங்கே பழுப்பு வளையம் விழுந்திருக்கிறது. உன்னைக் கேட்காமல் வைத்துவிட்டேனே என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தன் சமையலறையில் தாளித்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கைப்பிடி இல்லாத கதவுகள் படத்தில் அழகாகத்தான் இருந்தன. மூட்டுவலி உள்ள விரலைக் கதவோரத்துப் பள்ளத்தில் விட்டு, எண்ணெய்க் கையோடு இழுக்கும்போதுதான் அதன் கஷ்டம் தெரிகிறது. கிரைண்டருக்கு என்று மேடையில் இடமே விடவில்லை. கீழ்ப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம் என்றார் டிசைனர். இரண்டு லிட்டர் கிரைண்டர் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை மாவரைக்கும் வீடு இது என்பதை முதல் நாளே சொல்லியிருந்தோம்.

குளியலறைதான் பெரிய கவலை. மார்பிள் கோடு போட்ட, இரண்டுக்கு நான்கு அடி பளபளப்பு டைல்ஸைச் சுவரோடு நிறுத்தாமல் தரைக்கும் போட்டுவிட்டீர்கள். அப்புறம் வாட்டம். தண்ணீர் போகும் ஜாலி அறையின் நடுவில் இருக்கிறது. அப்படியென்றால் நான்கு பக்கமிருந்தும் அதை நோக்கிச் சரிவு வர வேண்டும். இவ்வளவு பெரிய டைல்ஸை வெட்டாமல் நான்கு பக்கமும் சரிக்க முடியாது. ஒன்று, சின்ன டைல்ஸ் போட்டிருக்க வேண்டும். இல்லை, சுவரோரம் நீளமான ஜாலி வைத்து ஒரே பக்கமாக வாட்டம் கொடுத்திருக்க வேண்டும். இது, பிறகு வந்து பார்த்த டைல்ஸ் மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் ஆட்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இப்போது குளித்து ஒரு மணி நேரம் ஆனாலும் கதவுப் பக்கம் தண்ணீர் நிற்கிறது. ஜூன் மாதம் அம்மா அங்கேதான் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார். அன்றிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பும் முன் தரையைத் துடைத்துவிட்டுத்தான் போகிறேன்.

கருப்பு மேட் குழாய்களும் ஷவரும் ஒரே மாதத்தில் வெள்ளைத் திட்டாகிவிட்டன. எங்களுடையது போர் தண்ணீர், உப்பு அதிகம். வினிகர் போட்டுத் தேய்த்தால் அந்தக் கருப்புப் பூச்சே மங்குகிறது. நிறம், விளக்கு, கண்ணாடி பற்றி மூன்று மீட்டிங் நடந்தது. உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புது பாணி எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. மெதுவாக மூடும் இழுப்பறைகள் அம்மாவுக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. உயரமான அலமாரியில் மளிகைச் சாமான் அத்தனையும் அடங்குகிறது. உங்கள் தச்சர்கள் சுத்தமாக வேலை செய்தார்கள், மரியாதையாகப் பழகினார்கள். ஆனால் எங்கோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டை வடிவமைத்துவிட்டீர்கள். இந்த வீட்டில் யார் சமைக்கிறார், யார் குளிக்கிறார் என்று பார்க்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். சமையலறைப் பெட்டிகள் எல்லாவற்றையும் என் முன்னால் திறந்து பலகையைச் சோதியுங்கள். ஐஎஸ் 710 இல்லாதவற்றை, முத்திரை உள்ள பலகையில் உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். குளியலறைத் தரையைப் பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைத் திரும்பப் பூசி, வழுக்காத டைல்ஸை வாட்டத்தோடு பதியுங்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றும் வேண்டும். அடுப்புப் பக்கத்து மேடைப் பகுதியைக் கிரானைட்டாக மாற்றினால் கல்லின் விலையை நானே தருகிறேன், கூலியை நீங்கள் ஏற்க வேண்டும். குழாய்களை நானே மாற்றிக்கொள்கிறேன்.

ஏற்கெனவே ஐந்து முறை போன் செய்தும் 'டிக்கெட் போட்டிருக்கிறோம்' என்ற பதில்தான் வந்தது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். விலைப்பட்டியல், பணம் கட்டிய ரசீதுகள், பலகையின் படங்கள், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் தயாராக இருக்கின்றன.

பார்வையிட ஆள் அனுப்பினால் காலை பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். அதற்கு முன்பு அம்மா சமைத்துக்கொண்டிருப்பார். வருபவர் அவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்