பெயரைப் பார்த்து ஊரை எழுதாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கனிமப் பட்டியலைப் பார்த்தேன். 'கிடைத்த இடம்' என்ற பத்திதான் உதைக்கிறது. ஆண்டலூசைட்டுக்கு நேரே ஆண்டலூசியா, அரகொனைட்டுக்கு நேரே அரகோன் என்று ஸ்பெயினின் இரண்டு பகுதிகளை எழுதியிருக்கிறாய். லேபிள் இல்லாத கற்களுக்குப் பெயரை வைத்து ஊரை ஊகித்தாய் போலும். ஆண்டலூசைட்டுக்கு 1798-ல் பெயர் வைத்தபோது, கல் ஆண்டலூசியாவிலிருந்து வந்ததாக நம்பினார்கள். உண்மையில் அது நடு ஸ்பெயினில், குவாதலஹாரா மாகாணத்து எல் கார்தோசோவில் எடுத்தது. அரகொனைட்டின் ஊர் மொலினா தெ அரகோன். ஊர்ப்பெயரில் அரகோன் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, அதுவும் அதே குவாதலஹாராவில்தான் இருக்கிறது! பெயர் நிலைத்த பிறகு தப்பு தெரிந்தாலும் லேசில் மாற்ற மாட்டார்கள்.

ஆகவே இரண்டு இடங்களைப் பிரித்துக்கொள். ஒரு கனிம இனத்தை முதலில் விவரிக்க உதவிய மாதிரி கிடைத்த இடம் ஒன்று. உன் கையிலுள்ள கல் கிடைத்த இடம் இன்னொன்று. லேபிளில் வர வேண்டியது இரண்டாவது. கவன்சைட்டை எடுத்துக்கொள். 1967-ல் அமெரிக்காவின் ஓரிகானில் கண்டெடுத்தார்கள். ஆனால் அதன் அழகான நீலக் கொத்துகளுக்குப் பேர்போனவை புனே அருகே வாகோலியில் உள்ள கல்குவாரிகள். பெயரில் ஊரே கிடையாது. கால்சியம், வனேடியம், சிலிகேட் மூன்றின் முன்னெழுத்துகளைக் கோத்துச் செய்தது. பென்டகொனைட்டுக்கும் இதே வேதி இயைபுதான், படிக அமைப்பு மட்டும் வேறு. ரசாயனச் சோதனையை மட்டும் நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது, எக்ஸ் கதிர்ச் சோதனை வேண்டும்.

இன்று புதுப் பெயருக்குச் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் குழு ஒப்புதல் தர வேண்டும். இயைபும் படிக அமைப்பும் அளந்து காட்ட வேண்டும், மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைக்கக் கூடாது. உயிரோடு இருப்பவர் பெயரென்றால் அவர் சம்மதம் வேண்டும். ஆய்வகத்தில் செய்தது கணக்கில் வராது. பூமியின் கீழ் மூடகத்தில் (மேலோட்டுக்கும் உட்கருவுக்கும் நடுவிலுள்ள அடுக்கின் கீழ்ப்பகுதியில்) பெரும்பகுதி ஒரே கனிமம் என்று பல ஆண்டுகளாகத் தெரியும், ஆய்வகத்தில் செய்தும் பார்த்தாகிவிட்டது. ஆனால் இயற்கை மாதிரி இல்லாததால் பெயர் இல்லை. 1879-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில் அது அகப்பட்ட பிறகுதான், 2014-ல், பிரிட்ஜ்மனைட் ஆனது.

பண்பைச் சொல்லும் பெயர்கள் கைவேலைக்கு உதவும். பேரைட் என்றால் கிரேக்கத்தில் கனம்: ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, ஏறக்குறைய 4.5. குவார்ட்ஸ் 2.65 தான், தூக்கினாலே தெரிந்துவிடும். அபடைட் என்றால் ஏமாற்று. பச்சை நிறத்தில் பெரிலைப் (மரகதத்தின் இனம்) போலவே இருக்கும். எஃகுக் கத்தியால் கீறிப் பார்: அபடைட்டில் கோடு விழும், பெரிலில் விழாது. படிக முகத்தில் கீறிவிடாதே, உடைந்த ஓரத்தில் கீறு.

மாணிக்கம், நீலம் இரண்டையும் தனி இனமாக எழுதியிருக்கிறாய். இரண்டும் கொரண்டத்தின் வகைகள் (அந்தப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது). இனப் பத்தியில் கொரண்டம், குறிப்பில் மாணிக்கம் என்று எழுது. மோனசைட்டுக்கு, அதில் மேலோங்கிய அருமண் தனிமத்தை (சீரியம், லாந்தனம் போன்றவற்றில் ஒன்றை) பெயரோடு ஒட்ட வேண்டும். பகுப்பாய்வு இல்லாமல் சீரியம் என்று போடாதே. வெறும் மோனசைட் என்று விடு.

எண் இடும்போது, கல்லின் கண்ணில் படாத பக்கத்தில் சின்னதாக வெள்ளை பெயின்ட் பொட்டு வை. காய்ந்ததும் இந்தியன் இங்க்கால் எண் எழுதி, மேலே வார்னிஷ் தடவு. அதே எண் லேபிளிலும் பதிவேட்டிலும் இருக்கட்டும். பழைய லேபிள் கிழிந்திருந்தாலும் எறியாதே. ஊர் தெரிந்தது அதில் மட்டும்தான் என்று பிறகு தெரியவரும். ஊர் தெரியாத கல்லுக்கு 'தெரியாது' என்றே எழுது.

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டைத் தனிப் பெட்டியில், சிலிக்கா ஜெல் போட்டு வை. ஈரம் பட்டால் வெளிறிய பொடி பூத்து, கந்தக அமிலம் கசிந்து பக்கத்து லேபிள்களையும் அரித்துவிடும். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமமான ரியல்கரை வெளிச்சத்தில் வைக்காதே, மஞ்சள் பொடியாக உதிர்ந்துபோகும்.

அப்பா