எளியவன் யார் பக்கம்?

ஆசிரியருக்கு,

வணக்கம். யூத சமயத்தில் நம்பிக்கையும் தத்துவமும் மோதிக்கொண்ட கதையைச் சென்ற இதழில் படித்தேன். இடைக்கால யூதக் கவிஞர் யூதா ஹலேவியை எளிய நம்பிக்கையின் பக்கமும், யூதத் தத்துவவாதியும் சட்ட அறிஞருமான மைமோனிடிசை அறிவின் பக்கமும் உட்கார வைத்துவிட்டார் கட்டுரையாளர். பட்டிமன்றத்துக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் இருவருமே அந்த நாற்காலிகளில் அடங்க மாட்டார்கள்.

1140 வாக்கில் ஹலேவி அரபு மொழியில் முடித்த நூல் 'கூசாரி'. அதில் வரும் ரபி, அதாவது யூத மதகுரு, கசார் என்ற மக்களின் அரசனிடம் தம் கடவுளை உலகைப் படைத்தவர் என்று அறிமுகப்படுத்துவதில்லை. எங்களை எகிப்திலிருந்து மீட்டவர் என்கிறார். படைப்பை வாதிட்டுத்தான் நிறுவ வேண்டும், மீட்பையோ ஆறு லட்சம் பேர் நேரில் அனுபவித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. சாட்சிகளை வரிசையாக நிறுத்தும் இந்த வாதத்தை எளிய நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

மைமோனிடிஸ் விஷயம் இன்னும் சுவையானது. கடவுளுக்கு உடல் உண்டு என்பவன் சமயத்துக்குப் புறம்பான பதிதன் என்று தம் சட்டத் தொகுப்பில் எழுதினார். யூதர்களின் வேதமான தோராவில் கடவுளின் கை வருகிறது, விரல் வருகிறது. அதைப் படித்துவிட்டு அப்படியே நம்பிய கிழவனின் கதி என்ன? கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. அந்தக் கிழவனுக்காகப் பேசியவர் தென் பிரான்சின் ரபி ஆபிரகாம் பென் டேவிட். மைமோனிடிசைவிடப் பெரியவர்களும் நல்லவர்களும் அப்படி நினைத்திருக்கிறார்களே, அவர்களையுமா பதிதர் என்பது என்று சட்டத் தொகுப்பின் அந்த இடத்திலேயே குறிப்பெழுதினார். கடவுளுக்கு உடல் உண்டு என்பது அவர் கட்சி அல்ல. வசனத்தை நம்பி வழி தவறியவனைத் தள்ளிவைக்க அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

மைமோனிடிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. கடவுள் ஒருவரே என்று பிள்ளைகளுக்கும் பாமரருக்கும் சொல்லித் தருவதுபோல, அவருக்கு உடலில்லை என்பதையும் சொல்லித் தர வேண்டும் என்று 'குழம்பியோருக்கான வழிகாட்டி'யில் எழுதினார். நிரூபணம் புரியாதவர்கள் அறிந்தவர் சொல்லை ஏற்றுக்கொண்டால் போதும். தத்துவவாதியின் கடவுளை எளியவன் கேள்விப்பட்டு நம்ப வேண்டுமாம்! அறிவின் கோட்டைக்குள்ளேயே நம்பிக்கைக்கு ஒரு திண்ணை கட்டிக் கொடுத்தவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது?

அதே நூலில் அவர் எடுத்தாளும் கதை ஒன்று உண்டு; பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முத்தில் வருவது. ரபி ஹனினாவின் முன்னிலையில் ஒருவர் தொழுகை நடத்துகிறார். "மகத்தான, வலிமைமிக்க, அச்சத்துக்குரிய" என்று தொடங்கியவர் நிறுத்தாமல் அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். முடியும் வரை காத்திருந்த ஹனினா, புகழ்ச்சி எல்லாம் தீர்ந்ததா என்று கேட்கிறார். பத்து லட்சம் பொற்காசு வைத்திருக்கும் அரசனை வெள்ளிக்காசு வைத்திருப்பவன் என்று புகழலாமா என்பது அவர் கேள்வி. பொன்னைக் குறைத்து எண்ணியதாகக் கதை சொல்லவில்லை, வெள்ளி என்றல்லவா சொல்கிறது என்று மைமோனிடிஸ் சுட்டுகிறார். நம் சொற்களில் எதுவும் அந்த நாணயமே அல்ல.

முதல் மூன்று அடைமொழிகளை மட்டும் ஹனினா விட்டுவைத்தார். அவை மோசே சொன்னவை, முன்னோர் தொழுகையில் சேர்த்தவை என்பதே காரணம். இல்லாவிட்டால் அவற்றையும் சொல்லத் துணியோம் என்றார். மைமோனிடிசின் தொழுகையிலும் அந்த மூன்றும் இருந்தன.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை