பந்தயத்தை விட்டு வீட்டுக்கு வந்த கார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு பார்க்க வேண்டிய படங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தானே நினைத்துத் தானே ஓடும் ஹெர்பி என்ற வெள்ளை நிற வோக்ஸ்வேகன் காரின் கதைகளில் 1968-இல் வந்த முதல் படம் மட்டுமே பார்க்கத்தக்கது என்றும், 1974-இல் வந்த இரண்டாம் படமான 'ஹெர்பி ரைட்ஸ் அகெய்ன்' பழைய நாயகனையும் பந்தயத்தையும் இழந்து தளர்ந்துவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இந்தத் தீர்ப்பு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அவர் குறையாகச் சொல்லும் அந்த மாற்றமே இரண்டாம் படத்தின் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படத்தில் ஹெர்பி பந்தயக் கார். 53 என்ற எண்ணைத் தாங்கி ஓடி வெல்வதே அதன் வேலை. அதையே இன்னொரு பந்தயத்தில் ஓடவிட்டுக் காசு பார்த்திருக்கலாம். இரண்டு படங்களையும் இயக்கிய ராபர்ட் ஸ்டீவன்சன் அந்த எளிய வழியில் போகவில்லை. ஓட்டுநர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார் என்று ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு, அவருடைய மெக்கானிக்கின் அத்தையான முதிய விதவை ஸ்டைன்மெட்ஸின் பொறுப்பில் காரை விடுகிறார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தீயணைப்பு நிலையமே அந்த அம்மையாரின் வீடு. அதை இடித்துவிட்டு வானளாவிய கட்டடம் எழுப்பத் துடிக்கிறார் அலோன்சோ ஹாக் என்ற செல்வந்தர். கையெழுத்து வாங்கி வருமாறு அவர் அனுப்பும் உடன்பிறந்தாரின் மகனான வழக்கறிஞரே, அம்மையாரை நெருங்கி அறிந்தபின் அவர் பக்கம் சேர்ந்துவிடுகிறார். இதில் வரும் காதல் கதை மெலிந்ததுதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1900-இல் பிறந்து, எழுபது வயதைக் கடந்த நிலையில் ஸ்டைன்மெட்ஸ் அம்மையாராக இப்படத்தில் நடித்த ஹெலன் ஹேய்ஸ், அந்தக் காரிடம் வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசும் காட்சிகளை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

கார் மனிதரைப் புரிந்துகொள்ளும் என்பதை நம்ப நமக்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. என் தந்தையார் தக்கலையில் அம்பாசடர் வாடகைக் கார் ஓட்டியவர். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தோவாளைச் சந்தையில் வாங்கி வந்த பூவைக் கட்டி, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகே அவர் சாவியைத் தொடுவார். ஆனி மாதச் சாரலில் நனைந்து வண்டி எழும்பாமல் முரண்டு பிடிக்கும் காலை வேளைகளில், ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்து, 'எழும்பு மக்கா, சவாரிக்கு நேரமாச்சு' என்று மெல்லச் சொல்வார். நாங்கள் மூவர் பின்னால் நின்று சரிவில் தள்ளுவோம். வண்டி உறுமி எழும்பியதும் அவர் முகத்தில் தெரிந்த அதே நன்றியை ஸ்டைன்மெட்ஸ் அம்மையாரின் முகத்திலும் கண்டேன்.

கடந்த மாதம் விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளுடன் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த மாலைகளில் பார்த்தேன். ஆங்கில உரையாடலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் படத்தில் கைதட்டிச் சிரித்தார்கள். முடிந்ததும் விளையாடப் போய்விட்டார்கள். இரண்டாம் படத்தின் பாதியில் எட்டு வயதுப் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'பாட்டா, அந்த வீட்ட இடிச்சிருவாங்களா?' என்று கேட்டாள். நான்குவழிச் சாலைக்காகத் தோப்புகளும் ஓட்டு வீடுகளும் அளக்கப்பட்டுக் கல் நடப்பட்டதைக் கண்ட மாவட்டம் எங்களுடையது. சாலை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனினும் அவள் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிந்தது. பின்னர், வீட்டை இடிக்க இரவில் இயந்திரங்களுடன் வரும் ஹாக்கை எதிர்க்க, ஹெர்பியின் அழைப்பைக் கேட்டு நகரெங்கும் நிற்கும் வோக்ஸ்வேகன் கார்கள் ஆளில்லாமலே அணிதிரண்டு வந்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். முதல் படத்தின் எந்தப் பந்தயத்துக்கும் அவள் எழவில்லை.

தொடர் படம் என்றால் முதல் பாகத்தில் பலித்ததை இன்னும் பெரிதாகத் திருப்பிச் செய்வது என்ற எண்ணம் நம் திரையுலகிலும் வேரூன்றி வருகிறது. அதனாலேயே, வெல்வதற்காக ஓடிய காரை ஒரு வீட்டைக் காக்க நிறுத்திய இந்த இரண்டாம் படத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுமுறை முடிய இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. பெற்றோருக்கான பரிந்துரைப் பட்டியலில் அதன் பெயரையும் அடுத்த இதழிலேயே சேர்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.